விடிகாலையில் மட்டும் சுடாத தண்ணீர்

மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அம்பகரத்தூர் கலியபெருமாள் அண்ணன் வீட்டிலிருந்து போன். பேசியது அவர் மனைவி செல்வமணி அக்கா.

"தங்கச்சி, ஒன் மெஷின வந்து கழட்டிக்கிட்டுப் போ. பச்சத் தண்ணியில குளிக்கிறதுக்கு மெஷின் எதுக்கு? நான் பழையபடி வெறகு வச்சே எரிச்சுக்குறேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. மெஷினைக் கழற்றச் சொன்னதைவிட எனக்கு அதுதான் கவலையாகிவிட்டது.

அந்த இளைப்புக்காகத்தான் வெந்நீர் போடும் ஹீட் பம்ப்பே வாங்கினார்கள். விறகுப் புகை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கோவில்பத்தில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு அண்ணன் வந்து, "பொகையும் கூடாது, கரண்ட் பில்லும் எகிறக் கூடாது" என்றார். நான்தான் இதைக் கைகாட்டினேன். ஹீட் பம்ப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை ஃபேன் வைத்து இழுத்து, கம்ப்ரஸர் வழியாக டேங்க் தண்ணீரில் ஏற்றும். நம் ஊர் மார்கழிப் பனியெல்லாம் அதற்கு ஒரு குளிரே கிடையாது. நம் கடைக்கு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணி வாக்கில் போனேன். மாடியில் மெஷின் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கேஸ் பிரஷர் சரி. காற்றிலிருந்து சூட்டை வாங்கும் காயிலில் கடல்காற்று உப்பு கொஞ்சம் படிந்திருந்தது, கழுவினேன். குழாயைத் திறந்தால் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அக்கா என்னை முறைத்தார். நான் மெஷினை முறைத்தேன்.

"இப்ப வருது. காலையில வரல. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்னு சொல்லலக்கா."

அண்ணன் குறுக்கே வந்தார். "நான் நல்லாத்தான் பாத்துக்குறேன் தங்கச்சி. ஒரு தூசி அண்ட விடுறதில்ல."

அது உண்மைதான். அவ்வளவு பளபளப்பான ஹீட் பம்ப்பை நான் காரைக்கால் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

மறுநாளும் போன். மறுபடியும் போனேன். மறுபடியும் தண்ணீர் கொதிக்கிறது. டேங்க் சென்சரை மாற்றினேன், டைமரைப் பார்த்தேன், வயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"ராத்திரியில யாராச்சும் சுவிட்ச அணைக்கிறீங்களா?"

"அம்மன் மேல சத்தியமா இல்ல" என்றார் அண்ணன். என்மேல் கோபித்துக்கொண்டு வயலுக்கும் கிளம்பிவிட்டார்.

கிளம்பும்போதுதான் கொல்லைப்பக்கம் பார்த்தேன். மூன்று செங்கல் வைத்து அடுப்பு, உள்ளே புதுச் சாம்பல். பக்கத்தில் படியில் உட்கார்ந்து அக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. "நாளைக்கு விடியும்போதே வர்றேன்க்கா. அடுப்ப மட்டும் பத்த வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒரே பனிமூட்டம். எதிரே வரும் பஸ் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து, நேராக மாடி ஏறினேன். மெஷினைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. நெல் காயப்போடும் தார்ப்பாயைச் சுற்றி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, இடுக்கில் பழைய போர்வையை வேறு சொருகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஃபேன் நின்று கிடக்கிறது, டிஸ்ப்ளேயில் எரர், காயில் முழுக்க ஐஸ்.

தலையில் மஃப்ளரோடு அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"பனி கொட்டுதுல்ல, புது மெஷினு. சாயங்காலம் போத்தி விட்டுட்டு, வெயில் வந்ததும் எடுத்துருவேன்."

"காத்துலேருந்துதாண்ணே அது சூட்ட எடுக்குது. மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிட்டா அது எப்புடி மூச்சு விடும்?"

அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. தார்ப்பாய்க்குள் இருந்த கொஞ்சக் காற்றின் சூட்டையும் உறிஞ்சிவிட்டு, மேலே வழியில்லாமல் மெஷின் தானாகவே நின்றிருக்கிறது. பகலில் சுட்ட தண்ணீர் ராத்திரிப் புழக்கத்திலேயே தீர்ந்துவிட, இரவு முழுக்க இப்படி. பகலில் பிரித்துவிட்டதும் ஐஸ் கரைந்து மறுபடி ஓடியிருக்கிறது. நான் பகலில் போய்ப் பகலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐஸைக் கத்தியால் சுரண்டாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மெஷினை ஓடவிட்டேன்.

தண்ணீர் சுட்டதும் அக்கா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தார். விஷயம் முழுக்கக் காதில் விழுந்திருந்தது.

"கேட்டியா தங்கச்சி? கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து எனக்கு ஒரு நா போத்தி விட்டதில்ல. மெஷினுக்குப் போத்தி விட்டிருக்காரு."

அண்ணன் தார்ப்பாயை மடித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "அது படுத்துட்டா நீ அடுப்புக்குப் போயிருவ. அதான்."

அக்கா நேராகக் கொல்லைக்குப் போனார். அடுப்புச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து மதிலோரம் அடுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டூல் பாக்ஸைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் ஹீட் பம்ப் மாட்டினால், சுவிட்சைக் காட்டும் முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன்: மழையோ பனியோ, மேலே எதையும் போர்த்தாதீர்கள், சுற்றிலும் காற்று போக இடம் விடுங்கள். உங்களுக்குச் சொல்வது வேறு. புகார் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். மெஷினை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர் யாரென்று கேட்டு, அவரிடம் முதலில் பேசுங்கள். திட்டாமல் பேசுங்கள். அந்த அக்கறை மெஷின் மேல் இருக்காது.