சேர்க்காத அமிலம்

நைட்ரிக் அமிலம் சேர்க்காமலே, சேர்த்ததாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரிக்குக் கிணறு இல்லாமல் போயிற்று. தவறு தெரிந்த பிறகும் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. இரண்டில் பின்னதுதான் பெரிய குற்றம்.

அப்போது விழுப்புரத்தில் கிணற்றுநீர் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஓர் அறை, இரண்டு அலமாரி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. ஜில்லா போர்டு எந்தக் கிராமத்தில் கிணறு கட்டுவதானாலும் என் சீட்டு வேண்டும். யுத்தகாலம் ஆனதால் சென்னையிலிருந்து ரசாயனங்கள் ஒழுங்காக வரவில்லை. நைட்ரிக் அமிலப் புட்டி காலியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

குளோரைடு சோதனை எளிது. தண்ணீரில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விட வேண்டும். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் உப்பு அதிகம். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த சமன்பாட்டில் சில்வர் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் இருந்தன, அமிலம் இல்லை. சமன்பாட்டில் இல்லாத பொருள் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன்.

அந்தச் சேரிக்காரர்கள் கழனி வேலை முடித்து வந்து, தாங்களே குழி தோண்டி ஊற்றைக் கண்டிருந்தார்கள். தண்ணீர் நல்லதென்று சீட்டு வந்தால் போர்டு செங்கல் கட்டித் தரும். அதுவரை ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்திருக்க வேண்டும். யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் தண்ணீர். மாதிரி எடுக்க நானே போனேன். தோண்டுவதில் முன்நின்ற ஒரு நடுவயதுப் பெண் செம்பில் மொண்டு நீட்டினாள்.

"ஒரு வாய் குடிச்சிப் பாருங்க சாமி. உப்பு கிப்பு ஒண்ணும் கெடையாது."

என் சாதிக்காரர்கள் அவள் கையால் குடிக்கமாட்டார்கள். நானும் குடிக்கவில்லை. நாக்கு சொல்வதைப் போர்டு ஏற்காது என்று கௌரவமாக ஒரு காரணம் சொல்லி, புட்டியை நிரப்பிக்கொண்டு ரயிலேறினேன்.

விழுப்புரத்தில் சில்வர் நைட்ரேட் விட்டதும் தண்ணீர் வெள்ளையாகத் திரிந்தது. 'குளோரைடு மிகுதி, குடிக்க உதவாது' என்று எழுதினேன். அமிலம் சேர்க்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். இல்லை என்றால் மேலதிகாரி கேள்வி கேட்பார். போர்டு கையை விரித்தது. மாடு விழுந்துவிடும் என்று சொல்லி நிலக்காரர்கள் குழியில் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

அடுத்த வருஷம் உத்தியோக உயர்வுக்கான பரீட்சை வந்தது. புதுப் புத்தகத்தில் சமன்பாடுகள் வேறு விதமாக இருந்தன. கரைந்திருக்கும் உப்புகளை அயனிகளாகப் பிரித்து எழுதி, இரு பக்கமும் மாறாமல் நிற்பவற்றை அடித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் உண்மையில் நடந்தது. குளோரைடுக்கு எழுதினேன்:

Ag⁺ + Cl⁻ → AgCl↓

அடுத்தது கார்பனேட்:

2Ag⁺ + CO₃²⁻ → Ag₂CO₃↓

இதுவும் ஏறக்குறைய வெள்ளைதான். இதற்குக் கீழே இன்னொன்று:

Ag₂CO₃ + 2H⁺ → 2Ag⁺ + H₂O + CO₂↑

அந்த H⁺ நைட்ரிக் அமிலம் தருவது. கார்பனேட்டைக் கரைத்து விலக்கிவிட்டு, குளோரைடை மட்டும் காட்டவே அமிலம். அமிலம் விடாமல் நான் கண்ட வெள்ளை கார்பனேட்டாகவும் இருந்திருக்கலாம். பேனாவைக் கீழே வைத்தேன்.

அந்தச் சேரியின் பழைய மாதிரிப் புட்டி அலமாரியில் இருந்தது. புதிய அமிலமும் வந்திருந்தது. அமிலம் விட்டுச் சோதித்தேன். சிறு குமிழிகள் எழுந்தன. சில்வர் நைட்ரேட் விட்டபோது லேசான மங்கல், அவ்வளவுதான். கார்பனேட் மிகுந்த அந்தக் கடின நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமாகும். குடிக்கத் தடையே இல்லை.

பரீட்சை முடிவு வரட்டும் என்று இருந்தேன். நான்கு மாதம் கழித்து வந்தது, தேறினேன். அன்றைக்குத்தான் வெட்கம் என்னைப் பிடித்தது. பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"ஃபைல் மூடி ஒரு வருஷம் ஆவுது. நீயே ஏன்யா பேஜாரைத் தேடிக்கினு வர்ற?"

மறுபடியும் கொடுத்தேன். மூன்றாம் முறை, சமன்பாடுகளையும் புதிய சோதனையின் முடிவையும் சேர்த்து, போர்டுக்கே அனுப்பினேன். பிறகு சோதனைக் குழாய்களோடு சேரிக்குப் போய், அந்தப் பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"எங்க தண்ணி நல்ல தண்ணின்னு எங்களுக்குத் தெரியாதா? ஊர்க் கெணத்தாண்ட போனா, உங்க மண்ணே கெட்ட மண்ணு, சர்க்காரே எழுதிட்டான்னு சிரிக்கிறாங்க. எங்கக்கிட்ட சொல்லிக்கினு கீறீங்களே, அங்க போய்ச் சொல்லுங்க."

போர்டுக்கு எழுதியதைவிட இது கடினம். என் உறவினர் குடும்பங்கள் இரண்டு அந்த ஊரில் இருந்தன. ஆனாலும் மறுநாள் காலை, எல்லோரும் நீர் இறைக்கும் நேரத்தில், கிணற்றடியில் நின்று சொன்னேன். சேரிப் பெண்கள் குடங்களோடு தள்ளி நின்று கேட்டார்கள். ஒரு நிலக்காரர் சிரித்தார்.

"ஒரு சொட்டுல தண்ணி கெட்டுச்சின்னீங்க. இன்னொரு சொட்டுல நல்லாயிடுச்சின்றீங்க. நாளைக்கு எந்தச் சொட்டுங்க?"

"இதே சொட்டுதான். உங்க கிணத்துலயும் விட்டுக் காட்டறேன்" என்றேன்.

வாளியிலிருந்து கொஞ்சம் எடுத்து, எல்லோரும் பார்க்க முதலில் அமிலம் விட்டேன், பிறகு சில்வர் நைட்ரேட். குழாய் முழுக்கக் கட்டி வெள்ளை. சேரிக் குழியின் தண்ணீரை விட ஊர்க் கிணற்றில்தான் உப்பு அதிகம். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. உறவினர் வீட்டில் அன்று எனக்கு இலை போடவில்லை.

எனக்கு உயர்வு நின்றுபோயிற்று. வேறு பிரிவுக்குக் கணக்கெழுத மாற்றினார்கள். நான் போர்டுக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் போர்டு அனுமதி வந்தது. லீவு போட்டு மண்வெட்டி பிடிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினேன். நான் வந்தால் இரண்டு நாள் வேலை நான்கு நாளாகும் என்று பதில் வந்தது. அவர்களே தோண்டினார்கள்.

செங்கல் கட்டி முடிந்ததும் போனேன். அவள் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"மொதல்லயே நல்லாத்தான் இருந்துச்சி. நடுவுல ரெண்டு கோடை போச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்தை இழுத்து வைத்தாள்.