செவுள் பார்க்காமல் வாங்கிய பங்குகள்

தண்ணீர் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவன் நான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் எழுத வந்ததே அதிகம். அதிலும் பங்கு வாங்குவது பற்றி எழுத வந்தது அதைவிட அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பேரம் பேச வராது. கூச்சம். சாவகச்சேரிச் சந்தையில் மீன் வாங்கப் போனால், விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நிற்பேன். பதினொரு மணிக்குச் சொன்ன விலை பன்னிரண்டரைக்கு இறங்கிவிடும். ஐஸ் கரையும், விற்கிறவர்கள் பஸ் பிடிக்க வேண்டும். அப்போது கிட்டப் போய்ப் பையை நீட்டுவேன். நான் வழக்கமாக வாங்கும் மீன்காரி நான் கிட்டப் போனதும் பக்கத்தில் இருப்பவளிடம், "மணிக்கூடு வந்திட்டுது, இனிக் கடையைக் கட்டுவம்" என்பாள்.

போன வருடம் மனைவியின் சீட்டுக் காசு கைக்கு வந்தது. குசினிக் கூரைக்கென்று அவர் சேர்த்தது. மழைக்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் சமைப்பார். ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் காசு கொஞ்சம் பெருகினால் தகரத்துக்குப் பதிலாக ஓடு போடலாம் என்று ஆசை காட்டி வாங்கிக்கொண்டேன். கைத்தொலைபேசியிலேயே பங்கு வாங்கலாம் என்று என் கடைக்கு வருகிற ஒருவர் காட்டித் தந்திருந்தார். அதில் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

தெற்குக் கடற்கரையில் ஹோட்டல்கள் நடத்தும் ஒரு கம்பனியின் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குவதை வாங்க எனக்குத் தெரியாதா? காசை நான்காகப் பிரித்தேன். இருபது ரூபாய்க்கு ஒரு கால்வாசி, பதினெட்டுக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று. அப்படி வாங்கினால் சராசரி விலை குறையும் என்று காட்டித் தந்தவரும் சொன்னார். அதுவரை சரி. மற்றது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கொழும்பில் பங்குச் சந்தை இரண்டரைக்கு மூடும். ஆகவே காலையில் ஒருநாளும் வாங்க மாட்டேன். இரண்டு இருபதுக்கு விற்கிறவர்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் வரும் என்று, இருக்கிற விலையில் பங்குக்கு இருபது சதக் காசு குறைத்துக் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அநேகமாக ஒருவரும் தருவதில்லை. பங்குக்கு ஐஸ் தேவையில்லை, இன்று விற்காதவர் நாளைக்கும் வைத்திருக்கலாம் என்பது எனக்கு உறைக்க மூன்று மாதம் சென்றது.

புரட்டாசி முடிகிற நேரம் விலை பதினாலுக்கு வந்தது. கடைசிக் கால்வாசி கையில் இருந்தது. அது ஒரு புதன்கிழமை. சந்தையில் தொலைபேசியைப் பார்த்தபடி ஓரமாக நின்றேன். விளைமீன் பாதி விலைக்கு இறங்கியதும் பையை நீட்டினேன்.

"அண்ணை, உது நேற்றையான். யோசிச்சு வாங்குங்கோ" என்றாள் மீன்காரி.

நீட்டிய பையைத் திருப்பி எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி விரலால் செவுளைத் திறந்து பார்த்தார். சாம்பல் நிறம். கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பேச்சை மாற்றுவதற்காக நான், பங்கு பதினாலுக்கு வந்துவிட்டது, இன்றைக்கு மிச்சக் காசையும் போடப்போகிறேன் என்றேன்.

"இஞ்சாருங்கோ, மீன் ஏன் மலிஞ்சது?"

"பழுதாப் போச்சு."

"உங்கடை ஹோட்டல் ஏன் மலிஞ்சது?"

தெரியாது என்றேன்.

"அப்ப செவுளைப் பாக்காமலே மூண்டு தரம் வாங்கியிருக்கிறியள்."

மனைவி பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புவரை வணிகம் படித்தவர். கம்பனியின் காலாண்டு அறிக்கையைத் தொலைபேசியில் திறந்து, சோறு ஆறும்வரை இருவரும் பார்த்தோம். ஆங்கிலம் அவருக்கும் தட்டுத்தடுமாறித்தான். ஆனாலும் அறைகள் நிரம்பவில்லை, கடன் ஒரு வருடத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது என்பது விளங்கியது. பிரித்துப் பிரித்து வாங்கியதில் பிழையில்லை. இரண்டாம் தரம் வாங்குமுன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மணி இரண்டு இருபது ஆயிற்று. விரல் தன்பாட்டில் தொலைபேசிக்குப் போனது. பத்துச் சதம் குறைத்துக் கேட்டுப் பார்த்தால் என்ன? அடுப்புக் கல்லில், கூரை ஓட்டை வழியாக வந்த வெயில் ஒரு வட்டமாக விழுந்திருந்தது. தொலைபேசியை மனைவியிடம் நீட்டினேன்.

"இரண்டரைக்குப் பிறகு தாரும்."

அவர் அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்.

அடுத்த நாள் அந்தப் பங்கு எழுபது சதம் ஏறியது. கடைசிக் கால்வாசிக் காசுக்கு, அடுப்பு இருக்கும் பக்கத்துக்கு மட்டும் தகரம் போட்டோம்.