கால்களை நேராக்கும் அறை

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருடமாகப் பழைய கட்டடங்களைத் திருத்திக் கொடுக்கிறேன், ஆளில்லாத வீடுகளில் தனியாகப் படுத்து எழும்பியிருக்கிறேன், வௌவாலையும் கறையானையும் தவிர வேறெதுவும் என்னை வந்து பார்த்ததில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், ஆனால் நான் சொல்லி முடித்த பிறகு சிரியுங்கள்.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் இருந்த ஒல்லாந்தர் காலத்து வீடொன்றை என் பள்ளிக்கூடத் தோழன் யோகன் வாங்கி ஹோட்டலாக்கினான். அவன் இருப்பது கனடாவில். ஹோட்டல் திறந்து கொஞ்ச நாளிலேயே ஏழாம் அறையைப் பற்றிக் கதை கிளம்பிவிட்டது. மத்தியானம் அங்கே கண்ணயர்ந்தால் யாரோ கால்களைப் பிடித்து நேராக்கிவிடுகிறார்களாம். வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கம் வேறு விடுதி தேடிப் போனார்கள். யோகனின் சந்தேகம் முழுவதும் அறைகளைச் சுத்தம் செய்கிற மலர் மேல்தான், எல்லா அறைப் பூட்டுகளின் திறப்புக் கொத்தும் அவளிடம் இருப்பதால்.

"மச்சான், உவள்தான் ஏதோ விளையாட்டுக் காட்டுறாள். நீ ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லு, அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டிப்போடுறன்" என்று போனில் சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான்.

மலர் நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன், படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழியில்லை. அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, போய் இறங்கியதுமே அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கத்தினேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லிப்போடு. ஆர் உன்னை உப்பிடிச் செய்யச் சொன்னது?"

"என்ரை பிள்ளையளாணை எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா. நான் அந்த அறையைக் கூட்டேக்கை கூடக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் கூட்டுறனான்."

"நல்லா நடிக்கிறாய்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள், அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அன்று முழுக்க அந்தக் கட்டடத்தைக் குடைந்து பார்த்தேன். சுவரில் தட்டுகிற சத்தம் என்று வந்தவர்கள் சொன்னது தண்ணீர்க் குழாய். கதவு தானாகத் திறக்கிறது என்றது நிலை சாய்ந்துபோன பிழை. மிச்சமிருந்தது கால் விஷயம் மட்டும்தான். மறுநாள் காலையில் வெங்காயம் வாங்க வேண்டும் என்று சொல்லி மலரை ஹோட்டல் வான் வண்டியில் டிரைவருடன் சுன்னாகம் சந்தைக்கு அனுப்பினேன். அவள் இல்லாத நேரத்தில் ஒன்றும் நடக்காது, அதையே யோகனிடம் சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏழாம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினேன், திறப்பைச் சட்டைப் பையில் வைத்தேன், யன்னல்களில் இரும்புக் கம்பி. என் வழக்கப்படி ஒருக்களித்துச் சுருண்டு படுத்தேன், வெளியே நல்ல வெயில்.

நம்பினால் நம்புங்கள், கண் செருகிய நேரம் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. சொரசொரத்த கை. வேலையை முடித்துவிட்டுப் போக அவசரப்படுகிற ஆளைப் போல ஒரு காலை இழுத்து நீட்டியது. நான் மடக்கினேன். முழங்காலில் ஓங்கி ஒரு அடி விழுந்தது, மறுபடி நீட்டியது. கத்தலாம் என்றால் வாய் திறக்கவில்லை, தாடையை யாரோ கீழிருந்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். என் மேல் அதற்கு இருந்த வெறுப்பு எனக்கு அப்படியே தெரிந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதன் பிறகு ஒன்றும் நினைவில்லை.

விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். வெள்ளை விரிப்பு நெஞ்சு வரை இழுத்துப் போர்த்தியிருந்தது. எழும்பிக் காலை ஊன்றப் போய் முகங்குப்புற விழுந்தேன். பார்த்தால் என் கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன, விரிப்பின் ஓரத்தில் கிழித்த துண்டால். நாங்கள் யாருக்கு அப்படிக் கட்டுவோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திறப்பு பையில் இருந்தது. தரையில் உட்கார்ந்தபடி நகத்தால் அந்த முடிச்சை அவிழ்த்தேன், அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மலர் சந்தையால் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். என் கால் விரல்களில் இருந்த சிவந்த தடத்தைப் பார்த்ததும் பையை நிலத்தில் வைத்தாள்.

"ஆர் ஐயா அவிட்டது?"

"நான்தான்."

"அதைக் கட்டுப்பட்ட ஆள் தானே அவிழ்க்கக் கூடாது ஐயா, அவிட்டால் கட்டு போகாது" என்றாள், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றே யோகனுக்குப் போன் எடுத்தேன். "மலர் செய்யேல்லை" என்றேன். "அப்ப ஆர்?" என்றான். அவன் சும்மா விடுகிற ஆளில்லை, அவளுக்கு உள்ளே வேறு கூட்டாளி இருப்பான், இரண்டு பேரையும் வேலையால் கலைக்கிறேன் என்று நின்றான். அவளைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது நடந்த கதை ஒன்றுதான். தாழ்ப்பாள், அடி, கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான்.

"மச்சான், குடிச்சனியோ?"

"நான் ஒருநாளும் தொடாதவன் எண்டு உனக்குத் தெரியும்."

அதோடு சிரிப்பை விட்டுவிட்டான். பிறகு, அந்த அறையைப் பூட்டச் சொன்னான். மலர் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது நான் சுருண்டு படுப்பதில்லை. எப்படிப் படுத்தாலும் தூக்கத்தில் மல்லாந்து, கால் இரண்டையும் நீட்டிவிடுகிறேனாம், பெருவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவாம். விடியற்காலையில் எழும்பியதும் என் மனைவிக்கு முதல் வேலை அவற்றைப் பிரித்துவிடுவது. தொடக்கத்தில் ஒரு விரலால் தட்டினாலே பிரிந்துவிடும் என்பாள். போன கிழமை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள்.