சித்தப்பா போட்ட செல்

சித்தப்பா என் பிரஷ்ஷை நாசமாக்கினார். அந்தக் கோபம் எனக்குப் பதினான்கு வருஷமாக ஆறவில்லை. நியாயமான கோபம்தான், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்போது சங்கரன்கோவிலில் நான்காம் வகுப்புப் படித்தேன். பல் டாக்டர்கள் பள்ளிக்கு வந்து எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சொத்தையே இல்லாத பற்கள் எனக்குத்தானாம். பரிசாக, ஒற்றைப் பென்சில் செல்லில் ஓடும் ரோஸ் நிற பிரஷ் ஒன்றைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. திங்கட்கிழமை அசெம்பிளியில் மேடையேறி, எப்படிப் பல் தேய்ப்பது என்று நான் செய்து காட்ட வேண்டும். அதுவரை மேடைப் பக்கமே போனதில்லை. டான்ஸுக்கு உயரம் போதாது, பேச்சுப் போட்டிக்குக் குரல் போதாது. பல்லாவது என்னை மேலே ஏற்றுகிறதே என்று தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். பிரஷ் ஈனஸ்வரத்தில் முனகியது. பல்லில் வைத்ததும் நின்றுவிட்டது. இரண்டு முறை புது செல் மாற்றியும் அதே கதைதான். அம்மா, "கையால ஆட்டிக் காட்டுட்டி, யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். பரிசு வாங்கியவள் செய்கிற வேலையா அது? ஓவென்று அழுதேன்.

சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். சாயங்காலம் கரண்ட் டல்லானால் தறி சோம்பிவிடும். அதனால் உலகத்தில் எது மெதுவாக நடந்தாலும் தறிக்காரர்கள் ஒரே காரணம்தான் சொல்வார்கள். மிக்ஸி அரைக்காவிட்டாலும் சரி, புளியங்குடி பஸ் லேட்டானாலும் சரி, சித்தப்பாவுக்கு அது வோல்டேஜ் கோளாறுதான். என் பிரஷ்ஷுக்கும் அதே தீர்ப்பு.

"எதுக்குட்டி அழுத? வோல்டேஜ் பத்தல, அவ்வளவுதான். நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை அம்மா எனக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து அவரே என் பையில் வைத்தார்.

"இது ஒண்ணரை வோல்ட்டு இல்ல மக்கா, மூணே முக்கால் வோல்ட்டு. தறி மாதிரி அடிக்கும் பாரு."

ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு, "வேண்டாம், அங்கன போய் ஓட்டு. சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு" என்று தடுத்துவிட்டார்.

கெட்டது அங்கேதான்.

அசெம்பிளியில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். பேஸ்ட்டைத் தாராளமாக வைத்து சுவிட்சை அழுத்தினேன். பிரஷ் வீல் என்று அலறியது. பேஸ்ட்டில் பாதி மைக்கில், மீதி அவருடைய கண்ணாடியிலும் கஞ்சி போட்ட சேலையிலும். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அடுத்தது வாயில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களே, வைத்துவிட்டேன்! ஆடிக்கொண்டிருந்த பால் பல் ஒன்று தெறித்து மேடையில் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். பள்ளிக்கூடமே சிரித்தது. பிறகு ஒரு கருகல் நாற்றம். பிரஷ் அடங்கிப்போனது.

"இதுல கைய வச்சது யாரு?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

சித்தப்பா என்று சொன்னால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவர் கைலியோடு வந்து அதே மேடையில் வோல்டேஜைப் பற்றி விளக்குவார். அதற்கு அடி வாங்குவது தேவலை என்று, "நான்தான் டீச்சர்" என்றேன். பிரஷ் அவர் மேசை டிராயருக்குள் போனது. முழுப் பரீட்சை முடிந்துதான் கிடைக்கும் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சித்தப்பா, "அப்பம் பிரஷ் எங்கட்டி?" என்றார். டிராயரில் என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. என் பல் போனது பெரிதில்லை, மானம் போனது பெரிதில்லை, பிரஷ்தான் வேண்டுமாம்! அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஆனால் தினமும் மத்தியானம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "டீச்சர் தந்துட்டாங்களாட்டி?" என்று கேட்பார். வேண்டுமென்றே குத்திக் காட்டுகிறார் என்று பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரக் கடைசியில் முழங்காலில் கட்டும் நெற்றியில் பிளாஸ்திரியுமாகக் கிடந்தார். ஷிப்டு முடிந்து ராத்திரி இருட்டில் வரும்போது திருவேங்கடம் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்துவிட்டாராம்.

"நல்லா வேணும்" என்றேன், அவர் காதில் விழும்படி. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"விடுங்க மதினி, பிள்ள கோவத்துல பேசுது" என்றார் அவர்.

வெளியே போய் சைக்கிளைப் பார்த்தேன். வளைந்த ஹேண்டில்பாரில் அவருடைய சின்ன டார்ச் டியூப் துண்டால் கட்டப்பட்டிருந்தது. சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. இதையும் கெடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு சின்ன டார்ச் வாங்கி, அதற்குப் பென்சில் செல் கேட்டேன். கடைக்காரர், "சைஸ் ஒண்ணுதாம்மா, ஆனா இதுக்கு வேற செல்லு" என்று ஒன்றை எடுத்து வைத்தார். மேலே 3.7 வோல்ட் என்று போட்டிருந்தது. சித்தப்பா சொன்ன அதே மூணே முக்கால்!

உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டு, அன்று பிரஷ்ஷில் போட்டது டார்ச் செல்லா என்று கேட்டேன். "ஆமா, டார்ச்சுல கிடந்ததுதான். துபாய்ல இருந்து சேக்காளி கொண்டாந்தது, நம்மூர்ல அப்பம் எங்க கிடைக்கும்?" என்று சிரிக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! டார்ச்சுக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தலைமையாசிரியை காலில் விழுந்தாவது வாங்கி வந்திருப்பேனே!

அந்த வருஷம் முழுப் பரீட்சை முடிந்து பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். வரும் வழியிலேயே அதை ஓடைக்குள் வீசினேன், செல்லோடு. அன்றும் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டார்.

"தந்துட்டாங்களாட்டி?"

மாதக்கணக்கில் பேசாதவள், அன்று மட்டும் வாயைத் திறந்தேன். "தூர எறிஞ்சிட்டேன்."

"சரி மக்கா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.