தொய்வு என்று சொன்னோம்

காலை பத்து இருபதுக்கு என் சின்ன மகளின் உதடுகள் நீலம் பாரித்தன. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போதே என்ன சொல்வது என்று முடிவெடுத்துவிட்டேன்.

அவளுக்கு இருப்பது அரிதான மரபணுக் கோளாறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி சில வேளைகளில் அவளுடைய நுரையீரலையே தாக்கும். ஊருக்கு நாங்கள் தொய்வு, வெறும் ஆஸ்துமா என்றே சொல்லி வந்தோம். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பரம்பரை வருத்தம் என்று தெரிந்தால் சாதகம் திரும்பி வந்துவிடும்.

தாதி ஒட்சிசன் முகமூடியைப் போட்டுவிட்டு விலாசத்தைப் பார்த்தாள். "பண்டத்தரிப்பில நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

யாருடைய உறவு என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மாப்பிள்ளை வீடும் அந்தப் பக்கம்தான். இவள் அவர்களுக்கு என்ன முறையோ என்று யோசித்தேன்.

"பிள்ளைக்கு வேறை வருத்தம் ஏதும் இருக்கோ?"

"தொய்வு மட்டும்தான்."

"கிளினிக் கொப்பி?"

"துலைஞ்சு போச்சு." அந்தக் குறிப்பேட்டில்தான் நோயின் உண்மையான பெயர் எழுதியிருந்தது.

தொய்வுக்குரிய மருந்தை இரண்டு முறை புகையாகப் பிடித்தும் இழுப்புக் குறையவில்லை. தாதி போனை எடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லப் போகிறாளோ என்று நான் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். பெரிய டொக்டரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் பிழைத்துவிட்டாள், இதை எழுதும்போது பக்கத்து அறையில் படிக்கிறாள்.

டொக்டருக்கு முன்பே மூத்தவள் வந்து சேர்ந்தாள். அலுமாரிக்குள் நான் ஒளித்து வைத்திருந்த கொப்பியைத் தாதியிடம் நீட்டினாள்.

"மிஸ், தங்கச்சிக்கு இருக்கிறது தொய்வில்லை. அம்மா பொய் சொல்லுறா. முதல் இதை வாசியுங்கோ."