ஆர்லோவின் வண்டி

டெல்பர்ட் க்வின் சின்சினாட்டியிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்து, ஹால்வர் நீல்சனின் வண்டிக் கடையில் விற்பனை ஆளாகச் சேர்ந்தவன். ரெண்டு வருஷமாகியும் ஊரில் ஒருத்தரும் அவனுக்கு விரல் தூக்கியதில்லை. அங்கே எதிரெதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கை விடாமலே ரெண்டு விரலைத் தூக்குவார்கள். தெரிந்த ஆளுக்கு மட்டும்தான். வெளியூர்க்காரனுக்கு அது கிடையாது.

1957-இல் கோதுமை அறுப்பு முடிந்த கையோடு ஆர்லோ ஸ்வெட்பெர்க் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் சம்சாரம் இர்மா, அவருடைய பச்சை செவர்லே பிக்கப்பைக் கடையில் விட்டுவிட்டு, மாற்றாக ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டு போனாள். பிக்கப்பை வாங்கி நிறுத்தினவன் டெல்பர்ட். இஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. ஆனாலும் விலை போகவில்லை. பன்றி வளர்க்கிற ரூபன் ஸ்டால் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினார்.

"என்னண்ணே, ஓட்டிப் பாக்கலையா?"

"ஆர்லோ வண்டிப்பா இது."

"அவருதான் செத்துட்டாரே."

"அவரு செத்தாரு. வண்டி அவருதுதான? நாளைக்கு இதுல போயி இர்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

டெல்பர்ட் வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தான். அது இன்னும் மோசமாகப் போனது. "ஆர்லோவுக்குச் சட்டை மாத்தி விட்டிருக்கான் பாரு" என்று தானியக் கிடங்கில் சிரித்தார்கள்.

புது மாடல் வரும் மாசம் அது. திறக்கிற நாள்வரை யாரும் உள்ளே பார்த்துவிடக் கூடாதென்று, வழக்கம்போல நீல்சன் கடைக் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இதக் கிழிக்கிற அன்னிக்கு அந்தச் சனியன் வாசல்ல நிக்கக் கூடாது. ஒண்ணு அது போவணும், இல்ல நீ போவணும்."

"கன்சாஸ் பக்கம் கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்துடறேன் முதலாளி."

"உன்னையும் சேத்துக் கேட்டா குடுத்துட்டு வா."

மறுநாள் டெல்பர்ட் அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். எதிரே வந்த பால் வண்டிக்காரர் ரெண்டு விரலைத் தூக்கினார். பெயின்ட் மாறினால் என்ன, கோணல் பம்பரும் அந்தச் சத்தமும் ஊருக்கே தெரியும். அடுத்து ரூபன் தூக்கினார். ஆளைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார், ஆனால் இறக்கவில்லை. கன்சாஸ் எல்லை வரைக்கும் இதே கதைதான். எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் டெல்பர்ட் வண்டியை நிறுத்தினான். அப்புறம் திருப்பினான்.

"என் பேருக்கே எழுதிடுங்க" என்றான் நீல்சனிடம். "சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"உனக்கெதுக்குடா அது?"

"ஓட்டத்தான்."

காகிதம் கிழித்த அன்றைக்கு அது பின்கட்டில் நின்றது. அவன் வேலையும் தப்பியது. ஊர் அவனை 'ஆர்லோ வண்டிக்காரன்' என்றது. ரோட்டில் விரல்கள் எழுந்தன. அதெல்லாம் ஆர்லோவுக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். இர்மா மட்டும் அந்த வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பனி உருகின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ரோட்டில் அவள் கார் எதிரே வந்தது. வேகம் குறையவில்லை. அவள் நேராகப் பார்த்தாள். ஸ்டீயரிங்கின் மேல் ரெண்டு விரல் எழுந்தது.

ஆர்லோ அந்த வண்டியில் இல்லை என்பது இர்மாவுக்குத் தெரியாதா?

டெல்பர்ட்டும் ரெண்டு விரலைத் தூக்கினான்.