கனமான வாளிப் பக்கம்

சுனாமி முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து போர்ட் பிளேர் போகும் கப்பலில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் எடுப்பவர். வாளிகள் தொங்கும் கம்பைச் சுமந்து சுமந்து இடது தோள் காய்த்திருந்தது. மடியில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இயற்பியல் புத்தகம் ஒன்றின் அச்சுத்தாள்கள். எந்தக் கணக்கானாலும் கண்ணை மூடி, தோளை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார்.

நான் இயற்பியல் பட்டதாரி என்று தெரிந்ததும் ஒரு தாளை நீட்டினார். கம்பின் இரு முனைகளில் வெவ்வேறு எடைகள். எந்த இடத்தில் தாங்கினால் கம்பு சாயாது என்பது கணக்கு.

"லேசான பக்கமா தாங்கணும்னு போட்டிருக்கு சார். தப்பு. கனத்த வாளிக்குக் கிட்டதான் தோளு இருக்கணும்."

"புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தாம்மா இருக்கும்," என்றேன், சரியாகப் பார்க்காமலே.

"அப்ப நாம எதுக்கு சார் கணக்குப் போடணும்?"

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

பிழை கண்டால் எழுதும்படி புத்தகத்திலேயே மின்னஞ்சல் முகவரி இருந்தது. கட்சாலில் நெட் கிடையாது; போர்ட் பிளேர் போனால்தான் அனுப்ப முடியும்.

"இதுக்காகவா கப்பல் ஏறினீங்க?"

"இன்னொருத்தரும் எங்கயாச்சும் தனியா ஒக்காந்து படிப்பாங்கல்ல சார். தனக்குத்தான் புரியலன்னு நெனச்சு விட்ருவாங்க."

அடுத்த வருடம் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு நெட் கடையில் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். விடை மாறியிருந்தது. கீழே, பிழையைச் சுட்டிய வாசகருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பெயர் போடவில்லை. கப்பலில் இரண்டு நாள் பக்கத்தில் இருந்தும் நானும் கேட்கவில்லை.